பன்னிரண்டு கை

நீச்சல் கோச்சின் வேலை நீந்துவதல்ல, கரையில் நின்று அடுத்தவர் கையைப் பார்த்துக்கொண்டிருப்பது. டியூஷன் எடுப்பவர்கள், டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கள் இதைப் படித்தால், என் அவஸ்தை அவர்களுக்குப் புரியும். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது, பி.எஸ்ஸி. கணிதம். வேறு வேலை கிடைக்கும்வரை கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னாலிருக்கும் குளத்தில் உதவி கோச். அக்கம்பக்கத்தில் அம்மா இதை "ஸ்போர்ட்ஸ் ஆபீஸ்" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

வீடியோ

ஃப்ரீஸ்டைலில் எல்லோரும் காலை உதைத்தே களைத்துப்போவார்கள். முன்னே கொண்டுபோவது கை. முழங்கை மேலேயே நிற்க, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து தண்ணீரைத் தொடை வரைக்கும் தள்ள வேண்டும். முழங்கை தொங்கினால் தண்ணீர் நழுவிவிடும்.

மேடவாக்கத்திலிருந்து வரும் ஐ.டி.காரர் ஒருவருக்கு முழங்கை தொங்கும். சொன்னால் நம்பமாட்டார். ஒரு நாள் போனில் படம் எடுத்துக் காட்டினேன். அந்த நேரத்தில் குளத்தில் அவரைத் தவிர யாருமில்லை. இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நான் இல்ல ப்ரோ, வேற யாரையோ எடுத்திருக்கீங்க."

பாதியில் நிற்பவர்

ஏழுமலை அண்ணன் பம்மலில் ஒரு தோல் பட்டறையில் வேலை செய்பவர். நாற்பது வயதிருக்கும். நீச்சல் தெரியும், கையை மட்டும் சரிசெய்ய வேண்டும் என்று சேர்ந்தார். மற்றவர்களைப் போலச் சுவரை உதைத்துக் கிளம்பமாட்டார். சும்மா மிதந்து, அங்கிருந்தே கை போடுவார்; ஒரு வீச்சு ஒரு கை. குளத்தின் நடுவில் பக்கச் சுவரில் ஒரு ஏணி இருக்கிறது. அதற்கு இரண்டு கை முன்பாகவே நின்று, தலையைத் தூக்கி ஏணியைப் பார்ப்பார். தினமும் இதேதான்.

மூச்சு போதவில்லை என்று நானே முடிவு செய்தேன். ஒரு வாரம் முழுக்க அவருக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்தேன். அவரும் மறுக்காமல் செய்தார். கடைசி நாளில்தான் சொன்னார்: "மூச்சு நல்லாத்தான் கீது கோச்சு. எனக்குப் பன்னெண்டு கை போதும்."

தண்ணி கேன்

கையில்தான் கோளாறு. விரல்களை விரித்து நீட்டுவார், தண்ணீருக்குள் போனதும் முஷ்டியாக மூடிவிடுவார். மூடின கையில் தண்ணீர் எங்கே நிற்கும்? கரையில் ஒரு தண்ணி கேனைப் படுக்க வைத்தேன். அதற்கு மேலாகக் கையை வளைத்துப் போட்டு, கேனைப் பின்னால் உருட்டச் சொன்னேன். அழகாக உருட்டினார். குளத்தில் இறங்கியதும் மறுபடி முஷ்டி.

எனக்கு அலுத்துவிட்டது. "என்னண்ணா, யார் சட்டையையோ புடிக்கப் போற மாதிரி கையை மூடுறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கையை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆமா கோச்சு. அப்டித்தான் பழகிப்போச்சு."

ஏணிக்கு அப்பால்

இரண்டாவது மாதம் கை திறந்தது. முழங்கை மேலேயே நின்றது. ஒரு காலை, அதே பன்னிரண்டு கையில் ஏணியைத் தாண்டிப் போய் நின்றார். நான் கைதட்டினேன். விசில்கூட அடித்தேன். அவர் திரும்பி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு, நீச்சல் கண்ணாடியைக் கழற்றாமலே அழுதார்.

பிறகு சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய கல்குவாரித் தண்ணீரில் குளிக்கப் போனபோது தங்கையின் கணவன் முங்கினான். இவர் பன்னிரண்டு கை போட்டார், எட்டவில்லை. அவனிருந்த தூரம் கிட்டத்தட்ட இந்த ஏணி. தங்கை இப்போது இவர் வீட்டில்தான் இருக்கிறாள். "ஒழுங்கா நீந்தியிருந்தா எட்டியிருக்கும்" என்று ஒரே ஒரு முறை சொன்னாளாம். அது நிஜமா என்று பார்க்கத்தான் வந்தேன் என்றார். "மெய்யாலுமே சொல்லு கோச்சு. இந்தக் கை அன்னிக்கு இருந்திருந்தா, மச்சான் கைல மாட்டியிருப்பான்ல?"

செமஸ்டர்

நான் யோசித்தேன். குவாரித் தண்ணீர் வேறு, பயம் வேறு, முங்குகிறவன் ஒரே இடத்தில் இருக்கமாட்டான். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்டது கையைப் பற்றி மட்டும் என்று எடுத்துக்கொண்டு, "எட்டியிருக்கும்ணா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பொய் சொல்லக்கூடாதே என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று சீனியர் கோச்சிடம் சொன்னேன். அவர் குளத்தில் மிதந்த இலைகளை வலையால் அள்ளிக்கொண்டிருந்தார். நிறுத்தாமலே சொன்னார்: "கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதிட்டு வர இது என்ன செமஸ்டர் எக்ஸாமாடா?"

போன்

பத்து நாள் அவர் வரவில்லை. ஒவ்வொரு காலையும் நான் ஏணியைப் பார்த்தேன். கடைசியில் போன் செய்து, அன்று சொல்லாமல் விட்டதையெல்லாம் சொன்னேன்: குவாரி, பயம், ஒரே இடத்தில் நிற்காத ஆள். பட்டறை சத்தத்துக்கு நடுவே பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நீ நல்ல புள்ள கோச்சு" என்றார். திரும்ப வாங்கண்ணா, இன்னும் கொஞ்சம் சரிசெய்தால் கை பிரமாதமாக வரும் என்றேன், வாய்ப் பழக்கத்தில். மெஷின் சத்தத்தை விட்டு வெளியே வந்து சொன்னார்: "வாணாம் கோச்சு. கை இன்னும் நல்லா ஆச்சுன்னா, வூட்ல தங்கச்சி மூஞ்சிய நான் எப்டிப் பாக்குறது?"

அதே பன்னிரண்டு கையில் ஒருவர் கூடுதல் தூரம் போனால் கைதட்ட வேண்டும் என்று மட்டும்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.