நாலாம் கட்டிலுக்கும் ஏழாம் கட்டிலுக்கும் நடுவில்

அவள் சமையலறையிலிருந்து வார்டுக்கு வந்ததே ஒரு தண்டனை இடமாற்றம்தான். சமையலறையில் அவளுக்கு நோயாளிக் குழந்தைகளுக்கு சூப் வைக்கிற வேலை. உப்பு சரியாக இருக்கிறதா பார் என்றால், வாசலில் நிற்கும் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "நீ சொல்லு, சரியா இருக்கா?" என்று ஆளுக்கொரு கரண்டி ஊற்றுவாள். இருபது பேர் உப்புப் பார்த்து முடித்தபின் சூப் இருக்காது. உப்பு சரியாகத்தான் இருந்தது என்று இருபது சாட்சிகள் மட்டும் இருப்பார்கள்.

ஆகவே வார்டு. பதவி ஆயா. வயது முப்பத்து நாலு. ஆயா என்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள் என்பதால் பிள்ளைகள் அத்தை என்றார்கள். பிறகு நர்ஸுகளும் அத்தை என்றார்கள். கடைசியில் வாரம் இருமுறை வரும் டாக்டரும், அவர் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், அத்தை என்றே கூப்பிட்டார்.

அந்த இல்லத்தைக் கடல் தாண்டி வந்த ஒரு மிஷன் நடத்தியது. நோய்ப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு வார்டு. குணமாகியும் போக்கிடம் இல்லாதவர்களுக்கு முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய வீடு. இப்போது போனால் வார்டில் கண்ணாடிக் கதவு இருக்கிறது. தலைமாட்டுக்குத் தலைமாடு ஒரு திரை, அதில் எண்கள் ஓடுகின்றன. அப்போது ஓடியவர்கள் மனிதர்கள்தான். பன்னிரண்டு இரும்புக் கட்டில், பச்சைச் சுவர், பினாயில் வாசனை. இன்றைக்கும் எங்காவது பினாயில் மணத்தால், அந்த வார்டில் படுத்து எழுந்தவர்களுக்கு உடனே பசிக்கும். எல்லாம் அத்தை ஊட்டிய பழக்கம்.

பன்னிரண்டு கட்டிலையும் வெளிநாட்டில் பன்னிரண்டு சபைகள் தத்து எடுத்திருந்தன. குழந்தையை அல்ல, கட்டிலை. குழந்தைகள் வருவார்கள், போவார்கள். பெயர் தபாலில் போய்ச் சேர்வதற்குள் ஆள் மாறிவிடும். எனவே தலைமாட்டுக் கம்பியில் இரண்டு கொக்கியில் ஓர் எனாமல் பலகை தொங்கும். வெள்ளையில் நீல எண், அதன் கீழே பொடி எழுத்தில் சபையின் பெயர். அந்தச் சபையார் அங்கே கூடி, எங்கள் கட்டிலில் இருக்கும் பிள்ளையைக் குணமாக்கும் என்று ஜெபிப்பார்கள். நிர்வாகம் என்று பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

வார்டுக்குத் தலைமை பெரிய சிஸ்டர். சொந்த நாட்டைவிட்டு இருபது வயதில் கப்பலேறி வந்தவர். தமிழை வேதப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டிருந்தார். வேன் தாமதமாக வந்தால் டிரைவரிடம், "நீ தாமதித்தது ஏன்? சொல்வாயாக" என்பார். டிரைவர் தொப்பியைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்த டிரைவர்தான் அத்தையின் கணவர்.

வார்டுக்கு வந்த இரண்டாம் வருடம் அத்தை ஒன்றைக் கவனித்தாள். சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள்.

"ஏங்க, ஏழாம் கட்டில்ல படுத்த பிள்ளை ஒண்ணுகூட சாகலை. ஒன்பது பேரு. ஒன்பது பேரும் நடந்து போனாங்க."

"ஜன்னல் பக்கக் கட்டில். காத்து வருது."

"பத்தும் ஜன்னல் பக்கம்தான். அங்க ரெண்டு போச்சே."

"பத்து யாரு கட்டில்?"

"கடிதத்து மேல கோபுரம் எல்லாம் அச்சடிச்சு வருமே, அவங்க. வருஷத்துக்கு ஒரு கடிதம். ஏழுக்கு வெறும் பதினோரு கிழவிங்க. மாசா மாசம் எழுதுறாங்க. முழங்கால் வலிக்குது, ஆனா புதன்கிழமை தவறாம மண்டி போடுறோம்னு. சிஸ்டரே படிச்சுக் காட்டினாங்க."

"சரி, அதுக்கு என்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

பதினாலு வருடத் தாம்பத்தியத்தில் அவள் சும்மா சொன்னது எதுவும் சும்மா இருந்ததில்லை. டிரைவர் சாப்பாட்டை வேகமாக முடித்துக்கொண்டு எழுந்தார்.

அந்த வாரம் நாலாம் கட்டிலுக்கு ஒரு பொடியன் வந்திருந்தான். தாயும் தகப்பனும் ஒரே காய்ச்சலில் அடுத்தடுத்துப் போய்விட, அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து விட்டது. பல்லைப் பார்த்து மூன்று வயது என்று எழுதினார்கள். நிமோனியா. மூக்கில் குழாய், பக்கத்தில் அவனைவிட உயரமான ஆக்ஸிஜன் சிலிண்டர், ஆறு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. அழுவதற்கும் மூச்சுப் போதாமல், ஊசி போடும்போது வாயை மட்டும் திறந்து மூடுவான். அழுகிற பிள்ளையை அத்தை சமாளிப்பாள். இது அவளால் ஆகவில்லை.

ஏழில் அப்போது எட்டு வயது வாயாடி ஒருத்தி. டைபாய்டு தணிந்து, டானிக் குடித்துக்கொண்டு, வார்டின் நிர்வாகத்தைப் பகுதிநேரமாகக் கவனித்து வந்தாள்.

மதியம் பன்னிரண்டரைக்கு எல்லோரும் சிற்றாலயத்துக்குப் போவார்கள். வார்டுக்கு ஒருவர் காவல் இருக்க வேண்டும். அந்தத் தியாகத்தை அத்தைதான் எப்போதும் முன்வந்து செய்வாள். ஜெபத்தில் கண்ணை மூடினால் அவளுக்கு உடனே தூக்கம் வந்துவிடும். அன்றும் அவள்தான் காவல். குழாயோடு இருக்கும் பொடியனைத் தூக்கி மாற்ற முடியாது. அதனால் அவனை மாற்றவில்லை. ஏழாம் பலகையைக் கழற்றி அவன் தலைமாட்டில் மாட்டினாள். நாலாம் பலகையை வாயாடியின் தலைமாட்டில் மாட்டினாள்.

"என்ன அத்தை பண்றீங்க?"

"தூசி தட்டுறேன்."

"தூசி தட்டினா நாலு ஏழாகுமா?"

"நீ டானிக் குடிச்சியா?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிள்ளைகளை மடக்க அவளிடம் எப்போதும் ஒரு டானிக் இருக்கும்.

அவள் மறந்த ஒன்று: கடவுள் மட்டுமல்ல, மருந்தும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வரும். பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தது வேலைக்குச் சேர்ந்து நாலே நாளான புது நர்ஸ். முகங்கள் பழகவில்லை, பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நாலு: ஊசி. ஏழு: டானிக். ஏழு என்று தொங்கிய கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த பொடியனின் தலைமாட்டில் டானிக் பாட்டிலை வைத்தாள், எழுந்ததும் கொடுக்கலாம் என்று. நாலு என்று தொங்கிய கட்டிலுக்கு ஊசியோடு போனாள்.

"எனக்கு ஊசி கிடையாது" என்றாள் வாயாடி.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க கண்ணு. திரும்பிப் படு."

"நிஜமா கிடையாது. நான் டானிக். நாலுதான் ஊசி."

"நீதானேம்மா நாலு."

கேட்டுக்கொண்டிருந்த மற்றக் கட்டில்களெல்லாம் சிரித்தன. ஊசி வேண்டாம் என்று ஒரு குழந்தை சொல்லும் உண்மையை நம்பிய நர்ஸ் உலகத்தில் இதுவரை பிறக்கவில்லை.

அத்தை பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குரல் கேட்டதும் சோப்புக் கையோடு ஓடிவந்து நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம்மா. இது நாலு இல்ல. அதாவது பலகை நாலுதான். ஆனா இவ ஏழு. அவன்தான் நாலு. பலகை நான் மாத்தினது."

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். பெரிய சிஸ்டர் வந்து, வேறு ஊசி எடுத்து, பொடியனுக்குத் தாமே போட்டார். இருபது நிமிடத் தாமதம். பலகைகளைப் பழையபடி மாட்டச் சொல்லிவிட்டு, அத்தையை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்.

"நீ செய்தது என்னவென்று அறிவாயா?"

"அறிவேன் சிஸ்டர்." அந்தத் தமிழுக்கு முன்னால் நின்றால் யாருக்கும் அதே தமிழ்தான் வரும்.

"ஏன் செய்தாய்?"

அவள் ஒன்பது பிள்ளைகளையும் பதினோரு கிழவிகளையும் சொன்னாள்.

"கடவுள் தபால்காரரா? கதவு எண்ணைப் பார்த்தா வருகிறார்?"

"அது எனக்குத் தெரியாது சிஸ்டர். ஆனா கட்டிலுக்கு நம்பர் போட்டு அங்க எழுதி அனுப்பினது நான் இல்ல."

சிஸ்டர் மேசைமேல் இருந்த மைக்கூட்டை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நகர்த்தினார். பிறகு மறுபடி இடப்பக்கம் வைத்தார்.

"நாளை முதல் சலவைக் கூடத்தில் வேலை செய். வார்டுக்குள் வராதே" என்றார்.

சலவைக் கூடம் வார்டுக்குப் பின்னால்தான். ஆனால் நாலாம் கட்டில் எப்படி இருக்கிறது என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. விரிப்பு ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில் கட்டில் எண் தைத்திருக்கும். முதல் நாள் நாலு என்று தைத்த விரிப்பு ஒருமுறை வந்தது. இரண்டாம் நாள் மூன்று முறை, நனைக்கும் முன்பே வியர்வையில் ஈரமாக. அந்த இருபது நிமிடத்தால்தான் என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர், அப்படியெல்லாம் இல்லை என்றே சொன்னதாக டிரைவர் வந்து சொன்னார். அவள் அன்று வீட்டில் சாப்பிடவில்லை. எதையும் சும்மா சொல்லவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை, துணிக்கு நீலம் கரைத்த தொட்டியருகே பெரிய சிஸ்டர் வந்து நின்றார். அவர் சலவைக் கூடத்துக்கு வந்து அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

"அச்சிறுவனைச் சன்னலருகே மாற்ற வேண்டும். காற்றோட்டம் அவசியம்."

"பத்து காலியாத்தானே இருக்கு சிஸ்டர். அதுவும் ஜன்னல் பக்கம்தான்."

சிஸ்டர் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்தார்.

"பத்தில் வெயில் அதிகம்" என்றார். பிறகு, "ஏழில் இருப்பவள் கட்டிலைவிட்டு நகர மறுக்கிறாள். கையைத் துடைத்துக்கொண்டு வா" என்றார்.

வாயாடி தலைமாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கு ஏழு வேணும்னா எனக்கு எதுக்கு நாலு? நாலுக்கு யாரு ஜெபம் பண்றாங்க?"

"பெரிய சபைடி. ஆயிரம் பேரு."

"ஆயிரம் பேர் இருந்தா ஒருத்தரும் பண்ண மாட்டாங்க. அடுத்தவங்க பண்ணுவாங்கன்னு விட்டுருவாங்க. எங்க வகுப்புல கரும்பலகை துடைக்கிற மாதிரி."

சிஸ்டர் நாலாம் கட்டிலின் காய்ச்சல் அட்டையை எடுத்துப் படித்தார்.

"உனக்கு நான் பண்றேன்" என்றாள் அத்தை.

"நீங்களா? நீங்க கண்ண மூடினா தூங்கிருவீங்கன்னு வார்டுக்கே தெரியும்."

"தூங்க மாட்டேன்."

"சத்தமா பண்ணணும். எனக்குக் கேக்கணும். தினமும்."

"சரி."

வாயாடி கையை எடுத்தாள், ஆனால் கட்டில் தன்னுடையதுதான், அதைவிட்டு இறங்கமாட்டேன் என்றாள். எனவே ஆட்களை அல்ல, கட்டில்களையே தள்ள வேண்டியதாயிற்று. டிரைவர் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ள, அத்தை பொடியனின் கட்டிலை அங்குலம் அங்குலமாக ஜன்னலுக்குத் தள்ளினாள். வாயாடி மகாராணி மாதிரி உட்கார்ந்தபடியே நாலு இருந்த மூலைக்குப் போனாள். பலகைகளைச் சிஸ்டர் தம் கையாலேயே மாற்றி மாட்டினார். காய்ச்சல் அட்டை மாறியது. பதிவேடு மாறியது. புது நர்ஸ் மூன்று முறை சரிபார்த்தாள். பொடியனுக்கு இப்போது கட்டில் நாலு, இடம் ஏழு, பலகை ஏழு. ஜெபம் இதில் எதைப் பார்த்து வரும் என்று டிரைவர் மெதுவாகக் கேட்டார். "வாய மூடிட்டு சிலிண்டரப் பிடிங்க" என்றாள் அத்தை.

ஐந்து நாள் ஒன்றும் தெரியவில்லை. ஆறாம் நாள் விடிந்தபோது பொடியனின் விரிப்பு உலர்ந்திருந்தது. அன்று ஊசி போடும்போது அவன் அழுதான், சத்தத்தோடு, வார்டே காதைப் பொத்திக்கொள்ளும்படி. அத்தை சுவரில் சாய்ந்து நின்று முழுதாகக் கேட்டாள். நர்ஸ் ஊசியை எடுத்தபிறகும், இன்னும் கொஞ்சம் அழட்டும் என்றாள்.

அவன் எழுந்து உட்கார்ந்ததும் சபைக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. பெரிய சிஸ்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். டாக்டர், மருந்து இப்போதுதான் வேலை செய்திருக்கிறது, எதிர்பார்த்ததுதான் என்றார். சிஸ்டர் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, ஏழாம் சபைக்கு ஒன்று, நாலாம் சபைக்கு ஒன்று என இரண்டு கடிதம் எழுதினார். இரண்டிலும் 'உங்கள் பிள்ளை எழுந்து உட்கார்ந்தான்' என்றுதான் இருந்தது. பொய் சொன்ன பிள்ளைகளை முழங்காலில் நிறுத்துகிறவர் அவர்.

சலவைக் கூடத்து உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை. அவளும் கேட்கவில்லை. இன்னும் இருபத்திரண்டு வருடம் அத்தை அந்த வார்டில் வேலை பார்த்தாள். காகிதப்படி அவ்வளவு நாளும் துணி துவைத்தாள்.

பொடியன் தேறிக்கொண்டிருந்த அந்த நாட்களிலேயே வாயாடிக்குக் காய்ச்சல் திரும்பியது. லேசாகத்தான், டைபாய்டில் அப்படி வருவதுண்டு. ஆனால் அவள் விடவில்லை. "நான் சொன்னேன்ல, நாலு சரியில்லன்னு. நேத்து நீங்க பாதியிலயே எழுந்து போனீங்க" என்றாள். அத்தை கெஞ்சிப் பார்த்தாள், டானிக் காட்டிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளிலிருந்து மண்டியிட்டுச் செய்தாள்.

பொடியன் முற்றம் கடந்து பெரிய வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. போக்கிடம் இல்லாத பிள்ளை வார்டைவிட்டுப் போகும்போது வாசல்வரை தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிடுவது அத்தையின் வழக்கம். இவனுக்கு அவள் தன் பழைய பாவாடையில் ஒரு சட்டைகூடத் தைத்து வைத்திருந்தாள். சட்டையைப் போட்டுத் தலைவாரி நிற்க வைத்தபோது நாலாம் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அத்தை, இன்னிக்கு இன்னும் பண்ணலை."

"இதோ வந்துடறேன்டி. இவன விட்டுட்டு."

"அவன் நல்லாயிட்டான். எனக்குத்தான் நூறு டிகிரி."

புது நர்ஸ், "நீங்க போங்கத்தை, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று பொடியனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை ஒருமுறை அவனைப் பார்த்தாள், ஒருமுறை நாலாம் கட்டிலைப் பார்த்தாள். பிறகு போய் மண்டியிட்டு, கண்ணை மூடி, கேட்கும்படி சத்தமாக ஆரம்பித்தாள். வாயாடி ஒரு வார்த்தையையும் குறைக்க விடவில்லை.

கண்ணைத் திறந்து ஜன்னலுக்கு ஓடியபோது முற்றம் காலியாக இருந்தது. பெரிய வீட்டின் உள்ளே, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, அவன் எதற்கோ உரக்க அழுதுகொண்டிருந்தான்.