ஆடு கைமாறிய பிறகு

ஒருமுறை ஏமாந்தவர், அதிலிருந்து வெளியே வர இன்னொரு முறை ஏமாந்தே ஆக வேண்டுமா? லப்பைக்குடிக்காடு பத்ருன்னிசாவின் வாழ்க்கை சில ஆண்டுகள் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தது.

கணவர் நிஜாமுதீனுக்கு ஷார்ஜாவில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் விடுப்பு. அப்படி வந்திருந்தபோது, தம்பதியாக வந்தால் விருந்து இலவசம் என்று ஒரு விடுதிக் கம்பெனிக்காரர்கள் திருச்சி ஓட்டல் ஒன்றுக்கு அழைத்தார்கள். சாப்பிட்டு எழுவதற்குள் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கொடைக்கானல் விடுதி ஒன்றில் வருடந்தோறும் ஒரு வாரம் தங்கும் உரிமை. ஊருக்கே வருடந்தோறும் வராதவர் அதை வாங்கினார். வந்த வருடங்களிலும் விடுப்பு முழுக்கச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் கரைந்தது. ஒருமுறைகூடப் போகவில்லை. பராமரிப்புக் கட்டணம் மட்டும் தவறாமல் போனது, பத்ருன்னிசா துணி தைத்துச் சேர்த்ததிலிருந்து.

விற்றுவிடலாம் என்று இணையத்தில் விளம்பரம் கொடுத்தார்கள். உடனே ஒருவன் பத்ருன்னிசாவிடம் போனில் பேசினான். வாங்க ஆள் தயார், பதிவுக்கும் வரிக்கும் நாற்பதாயிரம் முன்னால் கட்ட வேண்டும் என்றான்.

“ஆள் தயாருன்னா அவரு குடுக்குற காசுல கழிச்சுக்கங்க தம்பி. மிச்சத்த அனுப்புங்க.”

“அப்படி முடியாது மேடம். வித்ததும் இந்தப் பணம் உங்களுக்கே திரும்ப வந்துரும்.”

“திரும்பி வர்ற காசு எதுக்கு அவ்வளவு தூரம் போவணும்? இங்கேயே கெடக்கட்டும்.”

கட்டித் தொலைத்தால் தலைவலி தீருமே என்று ஷார்ஜாவிலிருந்து தினமும் சண்டை வந்தது. பத்ருன்னிசாவின் தந்தை ஆட்டுத் தரகர்.

“ஆடு கைமாறுனப்புறம்தான் அத்தா தரகு வாங்குவாரு. கட்டுன கயித்துல ஆடு நிக்கையிலயே காசு கேட்டவன சந்தையில யாருங்க மதிச்சா? நான் கட்ட மாட்டேன். நீங்க கட்டுனீங்கன்னா அடுத்த லீவுக்கு இங்க வராதீங்க, நேரா கொடைக்கானலுக்கே போயிடுங்க.”

நிஜாமுதீன் கட்டவில்லை. பத்ருன்னிசா விடுதிக்கே போன் செய்து விசாரித்தார். அப்படியொரு வரியும் இல்லை, அந்த ஆளையும் தெரியாது என்றார்கள். அடுத்த முறை அவன் கூப்பிட்டபோது அதைச் சொன்னார். பிறகு அவன் கூப்பிடவே இல்லை.

இதைப் பெரிய அறிவு என்று சொல்வதற்கில்லை. சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒன்றை, ஒருவன் அவசரப்படுத்தினான் என்பதற்காக அவர் கைவிடவில்லை. அவ்வளவுதான். ஆனால் அதுவே பலருக்கு முடிவதில்லை.

சில மாதங்கள் கழித்து, கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் அல்தாப் வாங்க முன்வந்தார். விடுதி அலுவலகத்திலேயே பெயர் மாற்றி, அங்கேயே முழுப் பணத்தையும் தருவதாகப் பேச்சு. விலையும் படிந்தது. நிஜாமுதீனும் நிம்மதியானார்.

கிளம்ப வேண்டிய அன்று காலை, தன் தையல் காசில் கட்டிய ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, விற்கவில்லை என்று அல்தாப் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார் பத்ருன்னிசா. அந்த மே மாதம் மகள் ஷஹானாவைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானலுக்கு பஸ் ஏறினார். ஏன் என்று கணவர் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.