தக்காளியைத் தொடாத வண்டும் நானும்

பூச்சிக்கு மருந்து விற்கிறவருக்கு ஊரில் மரியாதை உண்டு. பூச்சியையே கொண்டுவந்து விடுகிறவளுக்கு உட்கார நாற்காலிகூடக் கிடைக்காது. நான் இரண்டாவது வகை. புல்லுக்கும் தும்பைக்கும் இடம் விடாமல் பரவும் பார்த்தீனியச் செடியைத் தின்ன, மெக்சிகன் வண்டை வளர்த்துச் சூளகிரிப் பக்கத்துத் தரிசுகளில் விடுவது என் வேலை. அம்மா களை எடுத்து என்னைப் பட்டதாரியாக்கினார். பட்டம் வாங்கி நானும் களைக்கே வந்துவிட்டேன். பதினொரு மாத ஒப்பந்தம். வண்டு பிழைத்தால்தான் நீட்டிப்பு. ஒப்பந்த வேலையில் இருப்பவர்களே, அந்தப் பயத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கசப்பும் தக்காளியும்

சோதனைக்குக் கிடைத்தது ஒரு கம்பெனியின் பின்புறக் காலி மனை. வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளித் தோட்டம். நான் வண்டு டப்பாவைத் திறக்கும் முன்பே தக்காளிக்குச் சொந்தக்காரர் ஓடிவந்தார். இந்த வண்டு பார்த்தீனியத்தைத்தான் தின்னும் என்று படித்ததை ஒப்பித்தேன். எங்கோ சூரியகாந்தி இலையைக் கொறித்ததாக ஒரு புகார் உண்டு என்பதையும், கேட்காமலே, சொல்லித் தொலைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பக்கத்துல தக்காளி பழுத்துக் கெடக்கறப்ப, அந்தக் கசப்பைத் தின்னணும்னு அதுக்கு என்னாம்மா தலையெழுத்து?"

கோடை விடுமுறை

வெயில் ஏறியதும் வண்டுகள் மண்ணுக்குள் போய்த் தூங்கிவிடும். மழை பெய்தால்தான் எழும். மாதாந்திரப் படிவத்தில் "வண்டுகள்: பூஜ்யம், உறக்கத்தில்" என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் படிவம் வாங்கும் அக்கா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"பெர்மனென்ட்ல இருக்கற எனக்கே இவ்ளோ லீவு கெடையாது. அது எங்க அப்ளை பண்ணுச்சுன்னு கேட்டுச் சொல்லும்மா."

காப்பாற்றியவர்

மழை வந்தது. வண்டுகள் எழுந்தன. பத்து நாளில் செடிகளெல்லாம் சல்லடை. ஒவ்வொரு ஓட்டையையும் போட்டோ எடுத்தேன். அடுத்த வாரம் போனால் மனை முழுக்க மருந்து நெடி, தரையில் செத்த வண்டுகள். முதுகில் ஸ்பிரேயருடன் கம்பெனித் தோட்டக்காரர் சிரித்தபடி வந்தார்.

"ஒரே பூச்சி மேடம். நான் மட்டும் பாக்கலைன்னா உங்களுக்கு ஒரு செடி மிஞ்சியிருக்காது."

பார்வை நாள்

மிஞ்சிய வண்டுகள் மறுபடி பெருகத் தொடங்கிய சமயத்தில், திட்ட அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அன்று காலை போய்ப் பார்த்தால் மனை பெருக்கி விட்ட வாசல்போல் கிடக்கிறது. பெரிய மனிதர்கள் வந்தால் முதல் நாளே ஆள் விட்டுக் களையைப் பிடுங்கி வைப்பது அந்தக் கம்பெனியின் வழக்கமாம். அதிகாரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "வண்டு இவ்வளவு சுத்தமா வேலை பார்க்குமா?" என்று பேனாவை எடுத்தார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. "வண்டு இலையைத்தான் தின்னும் சார், வேரோட எடுக்காது. இது ஆள் வெச்சுப் பிடுங்கினது" என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் அம்மாவின் கைகள் முழங்கைவரை தடித்துச் சிவந்திருந்தன. பார்த்தீனியம் பட்டால் வரும் அரிப்பு. எனக்குப் பாடத்தில் வந்தது. நேற்று எங்கே வேலைக்குப் போனாய் என்று கேட்டேன். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்:

"உன் எடத்துக்குத்தான். பெரிய ஆபீசர் வர்றாருன்னு மேஸ்திரி சொன்னாரு. வண்டை நம்பினா ஆவுமா? ஒரு செடி விடாம நானே புடுங்கிட்டேன்."

என் ஒப்பந்தம் நீளுமா என்பது இதை எழுதும்வரை தெரியவில்லை. அடுத்த மழைக்குப் பார்த்தீனியம் மட்டும் யார் கையெழுத்துக்கும் காத்திராமல் அதே மனையில் மறுபடி வேலைக்குச் சேர்ந்துவிட்டது.