வெள்ளை ஷார்ட்ஸ்

பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் எழுந்த அந்த நெடி, புது ரெக்சின் பையும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போன்ற நெடி, இத்தனை வருடம் கழித்தும் எனக்கு மறக்கவில்லை. பதினோராம் வகுப்பில் எங்கள் பள்ளிக் கூடைப்பந்து அணிக்குப் புதுச் சீருடை வந்த நாள் அது. வெள்ளைக் கையில்லாச் சட்டை, வெள்ளை ஷார்ட்ஸ். மார்பின் குறுக்கே ஊதா எழுத்தில் சீருடை வாங்கிக்கொடுத்த பட்டுக்கடையின் பெயர், அதற்குக் கீழே பொடி எழுத்தில் பள்ளியின் பெயர்.

அதுவரை பையன்கள் போட்டுக் கழித்த மெரூன் சட்டைகளைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். கைக்குழி இடுப்புவரை தொங்கும், இரண்டு பக்கமும் ஊக்கு குத்திக்கொள்வோம், குனிந்தால் ஊக்கு விலாவில் கீறும். ஆனாலும் அது சாயம்போன பழந்துணி, வேர்வையைக் குடித்துக்கொள்ளும். முக்கியமாக, அது கருத்த நிறம். பத்திரிகையில் வந்த படமொன்றில் நாங்கள் மங்கலாகத் தெரிந்தோம் என்பதால், கடைப் பெயர் பளிச்சென்று விழ வெள்ளைதான் வேண்டும் என்று முதலாளி முடிவு செய்தாராம். எங்களில் ஒருத்திக்கும் அளவெடுக்கவில்லை. தோள்பட்டையில் தொளதொளவென்றும் இடுப்பில் இறுக்கிப் பிடித்தும் இருந்த அந்த உடுப்பு, எங்களை ஒருமுறையும் பார்த்திராத யாரோ ஆண்பிள்ளைக்கு வெட்டியது.

தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த அம்மா, கையைப் புடவையில் துடைத்துவிட்டுச் சட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். "இன்னாடி இது, காத்தே போவாது போலக்குது. துணின்னா கட்டிக்கிறவளுக்கு நல்லா இருக்கணும். இது பாக்கிறவனுக்குத் தச்சிருக்குது" என்றாள். அவள் சொன்னது முதல் நாளே புரிந்தது. முதுகில் ஒட்டியிருந்த ரப்பர் எண், உச்சி வெயிலில் சூடேறித் தோலோடு ஒட்டிக்கொண்டது. நனைந்தால் வெள்ளை கண்ணாடியாகிவிடும் என்பதால் உள்ளே "சிம்மி", அதன்மேல் அண்ணனுடைய பனியன், அதற்கும்மேல் இந்தச் சட்டை என்று மூன்றடுக்கு மாட்டிக்கொண்டு ஓடினோம்.

எங்கள் அணியின் உயிர் பரிமளா. திருப்பருத்திக்குன்றத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருவாள். ஓங்கிய உயரம், கூடைக்கடியில் அவள் கையைத் தூக்கினால் எதிரணிக்காரிகள் பாதி நம்பிக்கையை அங்கேயே விட்டுவிடுவார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பித்தான் அவளுடைய அப்பா அவளை விட்டிருந்தார். நியாயமாக அவள்தான் கேப்டனாகியிருக்க வேண்டும். நன்றாகப் படிக்கிறவள், மேடையில் பேசத் தெரிந்தவள் என்று பி.டி. சார் என்னைப் போட்டிருந்தார்.

சீருடை வந்த வாரமே பரிமளா என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"தா பாரு, சட்டை எப்டியோ போவட்டும். ஷார்ட்ஸ் மட்டும் கறுப்பு கேளு பா. எனக்கு டேட்டு எப்போ வரும்னே தெரியாது. வந்தா ரொம்ப வரும். நீதானே கேப்டன், நீ சொன்னா சார் கேப்பாரு."

சரி என்றேன். மறுநாள் சாருடைய அறைக்குப் போய்க் கதவருகே நின்றேன். அவர் நிமிர்ந்து, "என்னம்மா?" என்றார். அந்த விஷயத்தை ஓர் ஆணிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியாமல் நாக்கு ஒட்டிக்கொண்டது என்று பலகாலம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அது பாதி உண்மை. குறை சொல்கிறவள் என்று நினைத்து என்னை மாற்றிப் பரிமளாவைக் கேப்டனாக்கிவிடுவாரோ என்ற பயம் மீதிப் பாதி. "பந்துல காத்து கம்மியா இருக்குது சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். குழாயடியில் காத்திருந்தவளிடம், "கேட்டேன்பா, முடியாதுன்னுட்டாரு" என்றேன். அவள் அதை அப்படியே நம்பினாள்.

வாலாஜாபாத்தில் இறுதி ஆட்டம். மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வந்திருந்தார்கள். வேனில் ஏறும்போதே பரிமளாவின் முகம் வெளிறியிருந்தது. "இன்னிக்கி வந்துட்ச்சி பா. நான் உக்காந்துக்கட்டுமா?" என்று காதருகே கேட்டாள். "நீ இல்லன்னா தோத்துடுவோம். செலக்‌ஷனும் போயிடும்" என்றேன். இரண்டும் உண்மைதான். அவள் இரண்டு நாப்கின்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, அந்த இறுக்கமான ஷார்ட்ஸுக்குள் காலை அகட்டவே தயங்கியபடி களத்தில் இறங்கினாள்.

மூன்றாவது கால் பகுதி வரை ஒன்றுமில்லை. பிறகு பலகையில் பட்டுத் திரும்பிய பந்துக்கு அவள் எம்பினாள். பிடித்து இறங்கி எனக்கு வீசினாள். அந்த நொடியில் மைதானத்தின் சத்தம் மாறியது. கைதட்டல் நின்று, ஒரு பக்கமிருந்து சிரிப்பு, எங்கிருந்தோ ஒரு விசில். நான் பார்த்தேன். அவளுக்கு இன்னும் தெரியவில்லை. எனக்குத் தடுப்பாக நின்றவள்கூட வாயைப் பொத்திக்கொண்டு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடைக்குப் போகும் வழி முழுக்கத் திறந்து கிடந்தது. நான் பந்தை வீசிவிட்டு அவளிடம் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. இரண்டு எட்டு வைத்துக் கூடையில் போட்டேன். விழுந்தது.

திரும்பிப் பார்த்தபோது பரிமளா தரையில் உட்கார்ந்திருந்தாள். கால் பிசகிவிட்டது என்று நினைத்து நடுவர் விசிலடித்தார். சார் ஓரத்திலிருந்து, "எழுந்திரும்மா, எழுந்திரு" என்று கத்தினார். அவள் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். எதிரணிப் பெண் ஒருத்திதான் தன் பையிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அவள் இடுப்பில் சுற்றினாள். அந்தப் பெண் கருநீல ஷார்ட்ஸ் போட்டிருந்தாள். அவளுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

நாங்கள் ஜெயித்தோம். கோப்பையோடு எடுத்த படத்தில் கடைப் பெயர் அழகாக விழுந்திருந்தது. பரிமளா வேனுக்குள் இருந்தாள். மாவட்ட அணிக்கு என்னை எடுத்தார்கள்.

பத்துநாள் கழித்து அவள் மைதானத்துக்கு வந்தாள், விளையாட அல்ல. சீருடையைத் துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரி செய்து, மடித்து எடுத்துவந்து சாரிடம் நீட்டினாள். அப்பா வேண்டாமென்றுவிட்டார் என்றாள். சாருக்கு நிஜமாகவே வருத்தம். எங்கள் எல்லோரையும் பார்த்து, "கறுப்பு வேணும்னு ஒருத்தியாவது எங்கிட்ட கேட்டிருக்கக் கூடாதாம்மா? கேட்டிருந்தா கடைக்காரர்கிட்ட பேசி மாத்தியிருப்பேனே" என்றார். உண்மையிலேயே மாற்றியிருப்பாரா, நடந்த பிறகு சொல்வது சுலபம் என்பதால் சொன்னாரா, எனக்குத் தெரியாது. பரிமளா என் பக்கம் திரும்பினாள்.

"கேக்கவேயில்லையா?"

நான் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நின்றேன். அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். கல்லூரியில் எனக்குக் கிடைத்தது விளையாட்டு ஒதுக்கீட்டு சீட். அவள் பன்னிரண்டாவதோடு நின்றுவிட்டாள்.

இப்போது அந்தத் திடலில் கல் பதித்து ஆசிரியர்களின் வண்டிகளை நிறுத்துகிறார்கள். பட்டுக்கடை கைமாறிவிட்டது, சார் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். பள்ளிக்குப் பின்னால் போட்ட புதுத் திடலில் இன்றைய பெண்கள் காற்றுப் புகும் மெல்லிய துணியில், அவரவர் அளவில், கருநீலத்தில் ஆடுகிறார்கள். பார்க்க நிறைவாக இருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிகிறது. இத்தனை சுலபமாக மாறக்கூடிய ஒன்றா அது!

போன மாதம் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். உயரத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். பக்கத்தில் நெடுநெடுவென்று மகள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவள் கையை உதறவில்லை. கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்கிறவளிடம் பேசுவதுபோலச் சிரித்து, "நல்லா இருக்கீங்களா? அம்மா எப்டி இருக்காங்க?" என்றாள்.

"நல்லா இருக்காங்க. நீங்க?" என்றேன் நானும். அவளை "நீ" என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.