அக்காவின் மெடிக்கல் கார்டு

எனக்கும் அண்ணனுக்கும் சண்டை போட ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் தோது. சிம்பாங் அம்பாட்டில் அக்கா வீட்டு முன்னால் நடத்தும் காலைப் பசியாறைக் கடை அந்த நேரத்தில்தான் அடங்கும். மிச்ச மாவில் எங்களுக்குத் தோசை ஊற்றுவாள். நாங்கள் பிளாஸ்டிக் மேசையில் உட்கார்ந்து நாட்டைத் திருத்துவோம்.

மெடிக்கல் கார்டு என்கிற மருத்துவ இன்சூரன்ஸின் பிரீமியம் தாறுமாறாக ஏறிய வருடம் அது. ஊரெல்லாம் அதே பேச்சு. அரசாங்கம் தலையிட்டு, ஏற்றத்தை ஒரேயடியாகப் போடாமல் சில வருடங்களுக்குப் பிரித்துப் போடச் சொன்னது. கட்ட முடியாதவர்கள் மலிவான திட்டத்துக்கு மாறவும் வழி செய்தது.

"இதுக்குப் பேரு சீர்திருத்தமா? ஒரே வெட்டா வெட்டாத, கொஞ்சம் கொஞ்சமா அறுன்னு சொல்லியிருக்காங்க. கழுத்து அதே கழுத்துதான்" என்றார் அண்ணன்.

"மெதுவா ஏறினா சனங்க எப்படியாச்சும் கட்டிருவாங்க லா, அண்ணே. கார்டை விட்டுட்டா அப்புறம் யாரு பார்ப்பா? முடியாதவங்க சீப்பான பிளானுக்கு மாறிக்கலாம்னு சொல்லியிருக்காங்கல்ல. அதே கம்பெனியில மாறினா..."

"சீப்பு பிளான்ல என்ன கிடைக்கும்? பாதிக் கட்டிலா?"

அவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எங்கோ போய்விட்டேன். அண்ணனோடு பேசினால் எப்போதும் இப்படித்தான்.

இதில் ஒரு வேடிக்கை. அண்ணன் பள்ளி ஆசிரியர். படுத்தால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். நான் குருபோங்கில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எனக்கு முதலாளி கொடுத்த கார்டு உண்டு. சொந்தக் கைக்காசில் கார்டு வைத்திருந்தவள் அடுப்பு முன்னால் நின்ற அக்கா ஒருத்திதான். அத்தான் இறந்த பயத்தில் எடுத்தது. அவளிடம் நாங்கள் அபிப்பிராயம் கேட்கவே இல்லை.

ஆனால் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மலிவான திட்டத்துக்கு மாறலாம் என்பது அவள் காதில் விழுந்தது. நான் முடிக்காமல் விட்ட மீதி விழவில்லை. அதே கம்பெனிக்குள் மாறினால் உடம்பைப் பற்றிப் புதிதாக எதுவும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் அந்த மீதி.

எங்கள் சித்தப்பா மகள் வேறொரு கம்பெனியில் ஏஜெண்டு. சொந்தக்காரப் பிள்ளை இருக்கும்போது அந்நியனிடம் போவதா என்பது எங்கள் குடும்பத்தில் எழுதாத சட்டம். அக்கா அவளைக் கூப்பிட்டாள். பிள்ளை வேலை முடிந்து வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். சாமி படத்துக்கு முன்னால் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது.

"அக்கா, உங்களுக்கு ஏதாச்சும் சீக்கு இருக்கா? இனிப்புநீர், ரத்தக்கொதிப்பு?"

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரத்தில் எங்கள் வீடுகளில் யாரும் நோயின் பேரைச் சொல்ல மாட்டார்கள். இல்லை என்ற வார்த்தையைக்கூடச் சொல்ல மாட்டார்கள். அரிசி தீர்ந்தால் நிறைந்துவிட்டது என்போம். அக்கா குங்குமத்தை எடுத்து அந்தப் பிள்ளையின் நெற்றியில் வைத்து, "நான் நல்லா இருக்கேம்மா" என்றாள். பிள்ளையும் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனது. அரசாங்க கிளினிக்கில் அக்கா பல வருடங்களாக இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதிக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாள்.

புதுக் கார்டு வந்ததும் பழையதை நிறுத்திவிட்டாள். எங்களிடம் காட்டியபோது எந்தக் கம்பெனி என்றுகூடப் பார்க்காமல் நான் பெருமையாக அண்ணனைப் பார்த்தேன். பார்த்தீர்களா, சட்டம் ஏழைக்கு உதவுகிறது என்று அர்த்தம்.

மாவு வாளியைத் தூக்கும்போது மூச்சு வாங்குகிறது என்று அக்கா சொன்னது அதற்குப் பிறகுதான். தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இதயக் குழாயில் அடைப்பு, சீக்கிரம் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். பழைய கிளினிக் விவரங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்த புது இன்சூரன்ஸ் கம்பெனி, நோயை மறைத்துவிட்டார் என்று கையை விரித்துவிட்டது. பழைய கம்பெனியிடம் ஓடினேன். நிறுத்தியது நிறுத்தியதுதான் என்றார்கள். மாறுவதாக இருந்தால் எங்களிடமே மாறியிருக்கலாமே என்று அங்கே கவுண்டரில் இருந்த பெண் நல்ல விதமாகவே சொன்னாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது.

கடைசியில் அரசாங்கப் பெரியாஸ்பத்திரி. அங்கே நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் அடைப்பெடுக்க வரிசை நீளம். முறை வரும்வரை மாத்திரை, கனமாக எதையும் தூக்கக் கூடாது. கடை மூடிக் கிடந்தது.

அடுத்த ஞாயிறு நான்தான் தோசை ஊற்றினேன். ஒன்றும் வட்டமாக வரவில்லை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் ஆரம்பித்தார்.

"நான் அப்பவே சொன்னேன். இதெல்லாம் நம்ம மாதிரி ஆளுக்கு உதவாது."

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"சட்டத்து மேல என்னண்ணே தப்பு? அக்கா அதே கம்பெனியில மாறியிருந்தா இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும். ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க."

சொன்னது அத்தனையும் உண்மை. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் தடவையாக அவரை வாயடைக்க வைத்துவிட்டேன்.

"அப்படின்னா சட்டம் நல்ல சட்டம்தான், இல்ல பாப்பா?" என்றாள் அக்கா. கோபமே இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை கேட்பது போலக் கேட்டாள். "நாந்தான் அதைக் கெடுத்துக்கிட்டேன்."

"இல்லக்கா. அண்ணன் சொல்றதுதான் சரி. அந்தச் சட்டம் ஒன்னுத்துக்கும் ஆகாது" என்றேன்.

அண்ணனும் வேகமாகத் தலையாட்டினார். அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாங்கள் ஒத்துப்போய் அவள் பார்த்ததே இல்லை. அதனால்தான் நாங்கள் சொன்னதை நம்பவில்லை.