அமலம்மாளின் இந்தோனேசியா

பினாங்கில், டத்தோ கிராமாட் பக்கத்துச் சந்தொன்றில் அமலம்மாள் தன் வீட்டின் நான்கு அறைகளை நாள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லோரும் இந்தோனேசியர்கள். பினாங்கு மருத்துவமனைகளை நம்பிக் கடல் தாண்டி வரும் நோயாளிகள், அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வரும் சொந்தங்கள். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஆசைதான். சமையல் நன்றாக இருக்கும், படுக்கை விரிப்பு சுத்தமாக இருக்கும். அத்தோடு நல்லது தீர்ந்துவிட்டது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் நின்றபடியே வேலை பார்த்தவள். ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே வருடம் கணவரும் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகுதான் இந்த அறைத் தொழில். பதின்மூன்று வருடங்களில் வந்து தங்கியவர்களின் வாயைக் கிளறிக் கிளறியே அவள் ஒரு தேசத்தைப் படித்துவிட்டாள். கூடத்துச் சுவரில் இந்தோனேசிய வரைபடம் ஒன்று, ஒரு ஆள் நீளத்துக்கு, மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் ஊர் எது என்று கேட்டுவிடுவாள். பாலெம்பாங் என்றால் மூசி ஆற்றின் மேல் இருக்கும் அம்பெரா பாலத்தைச் சொல்வாள். பொந்தியானாக் என்றால் பூமத்திய ரேகைத் தூண். தோபா ஏரி என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. அந்த ஏரிக்குள் சிங்கப்பூரைவிடக் கொஞ்சமே சின்னதாக ஒரு தீவு கிடப்பதை, அங்கேயே பிறந்தவருக்கும் ஒரு முறை விளக்கிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பாள். யாரும் மறுத்துப் பேசியதில்லை. ஸ்கேன் முடிவு என்னவாகுமோ என்று வயிற்றில் நெருப்போடு வந்தவர்கள் ஏரியைப் பற்றியா வாதாடப் போகிறார்கள்? அந்த மௌனத்தை அவள் மரியாதை என்று எடுத்துக்கொண்டாள்.

இத்தனைக்கும் அவள் ஒரு முறைகூட அங்கே போனதில்லை. விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மேடான். ஏன் போகவில்லை என்று கேட்டால், அறை காலியாகவில்லை என்பாள். உண்மையில், போய்ப் பார்த்து ஊர் தான் சொன்னபடி இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு.

ஆனால் அந்தப் படிப்பில் ஒன்றே ஒன்று நிஜமாகவே உபயோகமானது. மேடானும் ஜகார்த்தாவும் நம் மலேசியக் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால். மக்காசார் நமக்குச் சரிசமம். பாப்புவா ஒரு மணி முன்னால். ஒரே நாட்டுக்குள் மூன்று நேரம். வாசலிலேயே ஒவ்வொருவரின் கடிகாரத்தையும் வாங்கிப் பார்த்து, தானே திருகிக் கொடுப்பாள். அவள் வீட்டில் தங்கி டாக்டரின் நேரத்தைத் தவறவிட்டவர் ஒருவர்கூட இல்லை.

போன மார்ச்சில் மேத்யூ வந்தார். மேடான்காரர், அங்கே மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். தமிழர், அதிலும் வேதக்காரர். பின்னால் அவர் மனைவி ஹன்னா எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வயிற்றில் கட்டி. மறுநாள் காலை எட்டு மணிக்கு மருத்துவமனையில் சேர வேண்டும், ஒன்பதரைக்கு அறுவை சிகிச்சை. தமிழ் பேசுகிற விருந்தாளி கிடைத்ததும் அமலம்மாளுக்கு வாய் இன்னும் நீண்டுவிட்டது.

"மேடான்ல எங்க? கம்போங் மெட்ராஸா? அப்ப வேளாங்கண்ணி மாதா கோயில் உங்களுக்குப் பக்கம்தான்."

"கம்போங் மெட்ராஸ்ல இருக்கிறது மாரியம்மன் கோயிலுக்கா. மாதா கோயில் ஊருக்கு வெளிய, தஞ்சோங் செலாமாட்ல."

"இல்ல லா. அங்கதான். எத்தனை பேரு சொல்லியிருக்காங்க."

"நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போற கோயிலுக்கா."

"நீங்க வேற கோயிலச் சொல்றீங்க."

மேத்யூ சிரித்தார். விட்டுத்தொலைத்திருக்கலாம். விடவில்லை. "அக்கா எத்தனை தடவ மேடான் வந்திருக்கீங்க?" என்றார். அவள் சாவியைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டதும், கூடத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று அதையே மலாயில் உரக்கக் கேட்டார். பாலெம்பாங்கிலிருந்து அம்மாவைக் கூட்டிவந்திருந்த ஃபாத்தின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐந்து நாளாக அம்பெரா பாலத்தைப் பற்றிப் பாடம் கேட்டவள் ஆயிற்றே.

அமலம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சாவியை மேசை மேல் போட்டுவிட்டு உள்ளே போனாள். ஹன்னா அடுப்படி வாசல்வரை பின்னாலேயே வந்து, "அக்கா, நாளைக்குக் காலையில..." என்று ஆரம்பித்தாள்.

"எதுனாலும் உங்க வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க. அவருக்குத்தான் எல்லாம் தெரியுதே."

அரிசி களையும்போதுதான் அவர்கள் கடிகாரத்தை மாற்றிக் கொடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. எழுந்தாள். அந்தச் சிரிப்பும் கூடவே நினைவுக்கு வந்தது. மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

காலையில் அடுப்படிக் கடிகாரம் ஏழரை காட்டியபோது, மேத்யூ கூடத்தில் பனியனோடு உட்கார்ந்து ரொட்டியைக் காப்பியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். கடை நேரம் குழம்பக்கூடாது என்று கைபேசியையும் மேடான் நேரத்திலேயே நிறுத்தி வைத்திருந்த மனிதர் அவர். ஹன்னா சேலை கட்டித் தயாராக, வெறும் வயிற்றோடு, சுவரைப் பார்த்தபடி இருந்தாள். சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்று அவளுக்கு உத்தரவு.

"ஆறரைதான் ஆகுது," என்றார் மேத்யூ. "நெறைய நேரம் இருக்கு. இன்னொரு காப்பி கிடைக்குமாக்கா?"

அமலம்மாள் அதைக் காதாரக் கேட்டாள். ஒரு வார்த்தை போதும் என்பதும் அவளுக்குத் தெரியும். அவமானப்படட்டும், மருத்துவமனைக் கவுண்டரில் போய் முழிக்கட்டும் என்று மனசு கறுவியது. காப்பியை ஊற்றினாள். சர்க்கரைகூட அளவாகப் போட்டாள்.

பதினொரு மணிக்குத் திரும்பி வந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது. மருத்துவமனையிலிருந்து இரண்டு முறை அழைத்திருக்கிறார்கள். தெரியாத எண் என்று மேத்யூ எடுக்கவில்லை. அடுத்த நோயாளியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். டாக்டர் அன்று சாயங்காலமே வெளிநாடு கிளம்புகிறார், வருவதற்குப் பதினோரு நாளாகும்.

மேத்யூ நேராக அமலம்மாளிடம் வந்தார். "ஆறரைன்னு உங்க முன்னாடிதானே சொன்னேன். கேட்டுக்கிட்டே காப்பி ஊத்துனீங்களே."

இந்தக் கேள்விக்காகக் காலையிலிருந்தே அவள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தாள். அதைச் சொல்லும் ஆசையை அவளால் அப்போதும் அடக்க முடியவில்லை.

"நான் மேடானுக்கு வந்ததே இல்லையே. அங்க மணி எத்தனைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நினைத்ததைவிட நன்றாகவே தைத்தது. மேத்யூ முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூடத்தில் ஃபாத்தின் இருந்தாள், இந்த முறை சிரிக்கவில்லை. அமலம்மாளுக்கு ஒரு மூச்சு நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஹன்னா அதற்குள் வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எக்ஸ்ரே உறை மடியில் கிடந்தது. குரலை உயர்த்தாமல்தான் பேசினாள்.

"உங்களுக்கு அவர் மேல கோவம். தப்பில்லக்கா, எனக்கே இருபத்தெட்டு வருஷமா இருக்கு. ஆனா கட்டி அவருக்குள்ள இல்லையே. இன்னும் பதினோரு நாளு நான்தானே அத வயித்துல வச்சுக்கிட்டு இருக்கணும்."

அமலம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். நேற்று சாயங்காலத்திலிருந்து இந்தப் பெண்ணின் முகத்தைத் தான் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஹன்னாவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா," என்றாள் ஹன்னா. "இனிமே குடிக்கலாம்ல."