வீட்டம்மாவை அனுப்பச் சொன்னார்கள்

பிள்ளையார்பாளையத்தில் வடிவாம்பாளுக்கு வாய் நீளம் என்று சொல்லாதவர்கள் கிடையாது. பட்டு நூலை எடை குறைத்துக் கொடுக்கும் முதலாளி முன்னால் தெருவே கைகட்டி நிற்கும். இவள் ஒருத்திதான் "தராசைத் தூக்கிப் பிடிங்க, நாங்களும் பாக்குறோம்" என்பாள். ரேஷன் கடையில் கல்லும் அரிசியுமாகப் போட்டால் அதை அப்படியே கடைக்காரன் மேஜை மேல் கொட்டிவிட்டு வருவாள். தெருவில் பாதிப் பேர் அவள் வாயால் பிழைத்தவர்கள். அந்தப் பாதிப் பேர்தான் அவள் தலை மறைந்ததும் வாயாடி என்றார்கள். நன்றி என்பது இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது.

புருஷன் நமச்சிவாயம் நேர்மாறு. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை தறி பேசும், அவர் பேசமாட்டார். யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார். குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார். நல்ல மனுஷர் என்று ஊரே சொல்லும். நல்ல மனுஷர்களால் வருகிற கேட்டைப் பற்றி மட்டும் ஊர் எதுவும் சொல்வதில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம். சுவருக்குச் சுவர் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்துகொண்டிருந்த காலம். பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து கோதண்டபாணி என்று ஒருவர் சைக்கிளில் வருவார். கருத்தடை ஆபரேஷனுக்கு ஆள் சேர்ப்பதுதான் அவர் உத்தியோகம். நமச்சிவாயத்துக்கு நாலு பிள்ளைகள் என்று தெரிந்துகொண்டு வாசலில் வந்து நின்றார்.

"ஒண்ணுமில்லபா. பல்லு புடுங்கிக்கிற மாதிரிதான். காலையில போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். பொம்பளைக்குப் பண்ணாதான் நாள்கணக்குல படுக்கணும். உனக்கு ஒரு ஊசி, ரெண்டு தையல். முடிஞ்சிபோச்சி."

நமச்சிவாயம் தலையை ஆட்டினார். வடிவாம்பாளும் சரி என்றாள். நாலு போதும் என்று அவளுக்கும் இருந்தது.

ஒரு நாள் காலையில் ஜீப் வந்தது. தெருவிலிருந்து நமச்சிவாயமும் இன்னொரு நெசவுக்காரர் பரமசிவமும் ஏறிப் போனார்கள். ரயிலடிப் பக்கம் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரி. சாயங்காலம் நமச்சிவாயம் வேட்டியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடி, ஆபரேஷனுக்கு இனாமாகக் கொடுத்த புது பிளாஸ்டிக் பக்கெட்டோடு வந்து இறங்கினார். அவரிடமிருந்து விஷயத்தைப் பிடுங்குவது சிக்குப் பிடித்த நூலைப் பிரிப்பது போல. ஒவ்வொன்றாக வந்தது. வரிசையாக உட்கார வைத்தார்கள், நாவிதர் வந்து சவரம் செய்தார், ஊசி போட்டார்கள், கத்தரிக்கோல் சத்தம் கேட்டது, வலிக்கவில்லை, கொஞ்ச நேரம் பெஞ்சில் படுக்க வைத்துவிட்டுக் காப்பியும் பன்னும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"வேற இன்னா சொன்னாங்க?"

"தண்ணி படக்கூடாது. வெயிட்டு தூக்கக்கூடாது. தையல் பிரிக்கிற வரைக்கும் தறியில உக்காரக்கூடாது."

அதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார் மனுஷர். சொன்னது போதாது என்று கத்தரிக்காயையும் விட்டார், புண் சீழ் பிடிக்குமாம். தையல் பிரித்து, தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. வீடு பழையபடி ஆனது.

இரண்டு மாசம் போல ஆகியிருக்கும். வடிவாம்பாளுக்கு நாள் தள்ளியது. உடம்பு அலுப்பு என்று நினைத்தாள். சோறு வடிக்கிற வாசனைக்கே குமட்டிக்கொண்டு வந்தபோது அவளுக்குச் சந்தேகம் தீர்ந்தது. நாலு பெற்றவளுக்குத் தெரியாதா? அன்றைக்கு மத்தியானம் புருஷன் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு தறிக்குப் போய்விட்டார்.

அன்று முதல் அவர் பாய் தறிப் பக்கம் போனது.

"அங்க காத்து நல்லா வருது" என்றார். ஜன்னல்கூட இல்லாத இடம் அது.

கை நீட்டி அடிக்கிறவனிடம் திருப்பிச் சண்டை போடலாம். கேட்கிறவனுக்குப் பதில் சொல்லலாம். ஒன்றுமே கேட்காமல், போடுகிற சோற்றைத் தின்றுவிட்டுப் போகிறவனை என்ன செய்வது? வடிவாம்பாளுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வாய் அடைத்தது. தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அறுத்தது அறுத்ததுதானே, பின்னே இது எப்படி என்பதுதான் தெரியவில்லை. அது தெரியாத வரைக்கும் அவள் சத்தியத்துக்கு யார் முன்னாலும் மதிப்பில்லை.

விஷயம் நாத்தனார் ஜெயம்மாள் காதுக்குப் போனது. ஜெயம்மாள் தண்ணீர்க் குழாயடியில் எல்லாரும் இருக்கும்போது ஆரம்பித்தாள்.

"இந்த அதிசயத்தக் கேட்டீங்களாமா? ஆபரேஷன் பண்ணிக்கினவன் பொண்டாட்டி முழுகாம இருக்கா. ஆஸ்பத்திரியில தப்பா, வீட்ல தப்பா, அந்தக் காமாட்சிக்குத்தான் வெளிச்சம்."

பழி போடுவதற்கு அம்மனை வேறு துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். குடம் நிறைந்த பிறகும் ஒருத்தியும் நகரவில்லை.

தெரு அதை வடிவாம்பாள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் ஒரு கை பார்த்திருப்பாள். அந்த வாரம் அவர்கள் வீட்டுப் பாவு தெருவில் ஏற வேண்டியிருந்தது. பாவு என்றால் சேலையின் நீள இழைகள் மொத்தமும். விடிந்ததும் தெரு நீளத்துக்கு அதை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் இழை இழையாகப் பிரித்து உலர்த்தியாக வேண்டும். ஒரு வீட்டால் ஆகிற காரியம் இல்லை. யார் வீட்டுப் பாவு ஏறினாலும் தெருவே வந்து கை கொடுக்கும், யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகூட பாவுக்கு வந்து நிற்பான்.

அன்று ஒரு கதவும் திறக்கவில்லை.

நமச்சிவாயம் ஒரு முனையில் நின்றார். இவள் இன்னொரு முனையில். நடுவில் பிள்ளைகள் ஓடி ஓடிப் பிடித்தார்கள். கஞ்சி ஒரு பக்கம் காய்ந்தது, ஒரு பக்கம் சொட்டியது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எதிர்வீட்டு அம்சா ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். அவளுக்குப் பேறுகாலம் பார்த்தவளே வடிவாம்பாள்தான். இவள் கெட்டுப்போன பாவை அப்படியே விட்டுவிட்டு, கஞ்சிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

டாக்டர் பெரியவர், கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"என் வீட்டுக்காரருக்கு இங்கதான் அறுத்தீங்க. நான் முழுகாம இருக்குறேன். இதுக்கு இன்னா பதில் சொல்றீங்க?"

"எப்போ பண்ணினது?"

சொன்னாள். டாக்டர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார். "அதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்லையேமா. அறுத்த உடனே பலன் வந்துடாது. அதுக்கு முன்னாடி உள்ளே சேந்தது போக மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் வேற தடுப்பு வெச்சிக்கணும். சொல்லியிருப்பாங்களே."

உலகம் தெரிந்த அந்த மனுஷருக்கு அது ஒரு வரிச் செய்தி. அந்த ஒரு வரி இல்லாமல் அவள் குடும்பமே சந்தி சிரித்துக்கொண்டிருந்தது.

"யாரு சொல்லியிருப்பாங்க?"

"ஆள் கூட்டிக்கிட்டு வரானே கோதண்டபாணி, அவன் சொல்லணும். இல்லேன்னா நர்ஸ் சொல்லணும்."

கோதண்டபாணி வராந்தாவில்தான் இருந்தார். "அதெல்லாம் டாக்டர் பாத்துப்பாருமா, எனக்கு ஆளக் கூட்டியாரதோட சரி" என்றார். நர்ஸ் கலாவதியைக் கூப்பிட்டார்கள். கல்யாணமாகாத சின்னப் பெண். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"அத்தனை ஆம்பளைங்க முன்னாடி நான் எப்படிமா வாயால சொல்லுவேன்? வீட்டம்மாவை ஒரு நாள் அனுப்புங்க, தனியா ஒரு விவரம் சொல்லணும்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு வாட்டி சொன்னேன். தலையை ஆட்டினாரே."

தலையை ஆட்டினார். ஆட்டாமல் இருப்பாரா?

வீட்டுக்கு வந்தவள் தறி முன்னால் போய் நின்றாள். குறுக்கு இழையான ஊடையோடு ஓடிக்கொண்டிருந்த நாடா நின்றது.

"நர்சம்மா என்னை அனுப்பச் சொன்னாங்களா இல்லியா?"

"சொன்னாங்க."

"ஏன் சொல்லல?"

நமச்சிவாயம் குழிக்குள் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ அங்க போனா எதுனா சண்டை இழுத்துக்கினு வருவேன்னுதான்."

நியாயத்துக்குச் சண்டை போட்ட வாய்க்குக் கிடைத்த மரியாதை அது. வடிவாம்பாள் அவரிடம் கத்தவில்லை. டாக்டர் சொன்னதை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "நூலு வர்ற வழிய அறுத்துட்டாலும் நாடாவுல ஏற்கெனவே சுத்தியிருக்குற ஊடை தீர்ற மட்டும் தறி ஓடும் இல்ல? அப்படியாம். மூணு மாசம் ஓடுமாம். நாளைக்கு அமாவாசை. தறி ஓடாது, எல்லாரும் கோயில்ல இருப்பாங்க. நீங்க வந்து உங்க வாயால இதச் சொல்றீங்க."

அவர் தலையை ஆட்டினார்.

மறுநாள் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் ஆண்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். குழாயடிப் பெண்களும் வடிவாம்பாளும் வாசலில் நின்றார்கள். நமச்சிவாயம் தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பாதி விழுங்கிவிட்டுத்தான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டார்.

"ஆபரேஷன் ஆயும் மூணு மாசம் போனாத்தான் பலனாம். டாக்டர் சொல்றாரு. நர்சம்மா அப்பவே வடிவை வரச்சொன்னாங்க. நான்தான் வீட்ல சொல்லல. அவ மேல தப்பு இல்ல."

திருஞானசம்பந்தம் என்கிற பெரியவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அறுத்தும் ஜெயிச்சிட்டியேபா. நீ ஆம்பளை."

உடனே எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் நமச்சிவாயம் முதுகில் தட்டினான். இன்னொருவன் கோலி சோடா வாங்கி வந்து கையில் கொடுத்தான். பரமசிவம் மட்டும் சிரிக்கவில்லை. அதே ஜீப்பில் போய் வந்தவர் ஆயிற்றே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தார்.

ஜெயம்மாள் வடிவாம்பாள் கையைப் பிடித்தாள். "எனக்கு அப்பவே தெரியும் வடிவு, நீ அப்படிப்பட்டவ இல்லன்னு."

வடிவாம்பாள் கையை உருவிக்கொண்டாள்.

"தெரிஞ்சிக்கினுதான் குழாயடியில பேசுனீங்களா அண்ணி? சொல்ற பொண்ணுக்கு வெக்கம். கேக்குற ஆம்பளைக்கு வெக்கம். டாக்டருக்கு நேரமில்ல. என்னைப் பேசுறதுக்கு மட்டும் உங்க ஒருத்தருக்கும் வெக்கம் இல்லியே. இப்ப அவருக்கு சோடா வாங்கிக் குடுக்குறீங்க. எனக்கு இன்னா குடுக்கப் போறீங்க?"

அம்சா தலையைக் குனிந்துகொண்டாள். அவரவர் வேலை நினைவுக்கு வந்து கலைந்து போனார்கள்.

அன்று விளக்கு வைத்ததும் நமச்சிவாயம் தறிப் பக்கத்திலிருந்து பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்ற முகம். வடிவாம்பாள் உலை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு கேக்குறேன். ஊரு பேசுனத வுடுங்க. நீங்க நெனச்சீங்களா?"

அவர் பாயோடு நின்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய் சொல்லவும் வரவில்லை அந்த நல்ல மனுஷருக்கு. முதல் தடவையாக அவர் தலை ஆடவில்லை.

வடிவாம்பாள் எழுந்து வந்து பாயை வாங்கினாள். தறி அறைக்குப் போய், சுவர் ஓரமாக அதை விரித்துப் போட்டாள்.

"ஆபரேஷனுக்கு மூணு மாசம்னு டாக்டர் சொல்லிட்டாரு. இதுக்கு எத்தினி மாசம்னு நான்தான் சொல்லணும். அது வரைக்கும் இங்கயே படுங்க. காத்து நல்லா வருது."